மாதுங்காவில் 48 வருஷம் பல் வைத்தியம் பார்த்த மாமனாருக்கு நினைவு மலர்: எங்கிருந்து தொடங்குவது?

கிங்ஸ்சர்க்கிள்_மருமகள்

எல்லோருக்கும் வணக்கம். என் மாமனார் போன வாரம் தவறிவிட்டார். 1945இல் ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்து, பம்பாய் நாயர் பல் மருத்துவக் கல்லூரியில் பி.டி.எஸ். முடித்து, 1971இல் மாதுங்காவில் சொந்தமாக கிளினிக் போட்டவர். 2019 வரை அதே இடம், அதே அறை. அத்தை இருக்கிறார்கள். மூன்று பிள்ளைகள், ஐந்து பேரப்பிள்ளைகள்.

பதினாறாம் நாளுக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்க ஒரு தாளும், வருஷ நினைவுக்கு ஒரு சிறு புத்தகமும் போட வேண்டும் என்பது குடும்பத்தின் எண்ணம். கொழுந்தனார் ஒரு பக்கம் எழுதியிருக்கிறார். "பண்பின் சிகரம், பாசத்தின் உறைவிடம், ஏழைகளின் நண்பர்" என்று போகிறது. தப்பில்லை, ஆனால் பெயரை மாற்றிவிட்டால் யாருக்கும் பொருந்தும். வேறு எப்படி எழுதுவது?

இன்னொரு பிரச்சினையும் கூடவே. மாதக் கடைசிக்குள் கிளினிக் அறையைக் காலி செய்து கொடுக்க வேண்டும். இரண்டு பீரோ நிறைய நோயாளிகளின் அட்டைகள், அலமாரியில் பெயர் எழுதிய பிளாஸ்டர் தாடைகள், எக்ஸ்ரே மெஷின், ஒரு குப்பி பாதரசம், ஒரு கண்ணாடி ஜாடியில் பிடுங்கின பற்கள். பழைய சாமான் வாங்கும் பங்கார்வாலாவைக் கூப்பிட்டு மொத்தமாகத் தூக்கிக் கொடுத்துவிடலாம் என்கிறார்கள். சரிதானா?

---

முலுண்ட்_பல்வைத்தியர்

ஆழ்ந்த அனுதாபங்கள் சகோதரி. பங்கார்வாலாவை இப்போதைக்குக் கூப்பிடாதீர்கள். நீங்கள் கேட்ட இரண்டும் ஒரே வேலை. அவரைப் பற்றி எழுத வேண்டியதில் பாதி அந்த அறைக்குள்தான் கிடக்கிறது.

எதையும் நகர்த்துவதற்கு முன்னால் அறையைப் படம் எடுங்கள். நான்கு மூலைகளில் நின்று நான்கு படம், நாற்காலிக்குப் பின்னால் அவர் நின்ற இடத்திலிருந்து ஒன்று, நோயாளி படுத்தால் கண்ணுக்குத் தெரிகிற கூரையை ஒன்று. பிறகு ஒவ்வொரு இழுப்பறையையும் திறந்து, கலைக்காமல் மேலிருந்து ஒரு படம்.

அடுத்தது சாமான்கள். பெல்ட் ஓடுகிற டிரில் இருக்கிறதா? நிமிடத்துக்குச் சில ஆயிரம் சுற்றுதான் ஓடும், மண்டையே அதிரும். காற்றில் ஓடுகிற ஏரோட்டர் 1957இல் வெளிநாட்டுச் சந்தைக்கு வந்தது, மூன்று நான்கு லட்சம் சுற்று. நம் ஊர் சிறு கிளினிக்குகளுக்கு வர வெகு காலம் ஆயிற்று. அவர் எந்த வருஷம் மாறினார் என்பது, அதற்குக் காற்றை அழுத்திக் கொடுக்கும் கம்ப்ரஸர் வாங்கிய பில்லில் இருக்கும். அந்த வருஷத்துக்கு முன்னால் அவரிடம் பல் அடைத்தவர்களுக்கும் பின்னால் வந்தவர்களுக்கும் நினைவே வேறு மாதிரி இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

சின்னக் கண்ணாடிக் கல்வமும் குழவியும் கிடைத்தால், வெள்ளித் தூளையும் பாதரசத்தையும் கையாலேயே அரைத்து, மஸ்லின் துணியில் பிழிந்து அடைத்த காலத்துக்காரர் என்று அர்த்தம். திருகு போட்ட கனத்த பித்தளைப் பெட்டிகள் இருந்தால் அதன் பெயர் ஃபிளாஸ்க். பல் செட்டை வெளியே லேபுக்கு அனுப்பாமல் தாமே அக்ரிலிக் அடைத்து, வெந்நீரில் வேகவைத்து எடுத்திருக்கிறார். முழு பல் செட்டுக்கு நோயாளி ஐந்து முறையாவது வர வேண்டும்: முதல் அளவு, இரண்டாம் அளவு, தாடை கடிக்கும் உயரம், மெழுகில் பொருத்திப் பார்ப்பது, கடைசியில் கொடுப்பது. நடுவில் நடக்கும் வேலையெல்லாம் ராத்திரியில். அக்ரிலிக் பசை வேகும்போது சூட்டைச் சட்டென்று ஏற்றினால் உள்ளே நுரைத்துத் துளை விழும். அதனால் 74 டிகிரியில் எட்டு மணி நேரம் வைப்பது ஒரு முறை. அவர் வீட்டுக்கு எத்தனை மணிக்கு வந்தார் என்று அத்தையிடம் கேட்டால் இந்தக் கணக்கு இன்னும் விளங்கும்.

அட்டைகளில் பற்களை எப்படிக் குறித்திருக்கிறார் என்று பாருங்கள். சிலுவை மாதிரி கோடு போட்டு 1 முதல் 8 வரை எழுதியிருந்தால் பழைய முறை. 36, 47 என்று இரட்டை எண்ணாக இருந்தால் புதிய முறை, அது உலக அளவில் வந்ததே 1970ஐ ஒட்டித்தான். எந்த வருஷ அட்டையிலிருந்து மாறுகிறது என்பதில், நடு வயதிலும் படித்துக்கொண்டே இருந்தாரா என்பது தெரியும்.

பழைய படங்களில் கையுறை இல்லாமல் வாய்க்குள் கைவிட்டிருப்பார். அதைப் பார்த்துச் சங்கடப்பட்டு ஒதுக்கிவிடாதீர்கள். அன்றைக்கு அதுதான் வழக்கம். 1986இல் சென்னையில் முதன்முதலாக எச்.ஐ.வி. கண்டறியப்பட்ட பிறகுதான் சிறு கிளினிக்குகளில் கையுறை மெல்ல மெல்லக் கட்டாயம் ஆனது. கொதிநீர்ப் பெட்டி போய், அழுத்த நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் வந்ததும் அந்த மாற்றத்தோடுதான். படத்தின் கீழே வருஷத்தைப் போட்டால் போதும்.

இனி அப்புறப்படுத்தும் விஷயம்.

பாதரசம்: குப்பியை யாரும் திறக்க வேண்டாம். தொடுகிறவர் மோதிரம், வளையல், தாலிச் செயின் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத் தொடட்டும். பாதரசம் தங்கத்தில் பட்டால் ஊறி வெளுத்துவிடும், துடைத்தால் போகாது. தண்ணீரைப் போலப் பதின்மூன்றரை மடங்கு கனம் என்பதால் கட்டைவிரல் உயரக் குப்பிகூடக் கை நழுவும். அப்படியே ஒரு மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வையுங்கள். சிந்திவிட்டால் ஜன்னலைத் திறங்கள், ஏசியை நிறுத்துங்கள். துடைப்பமும் வேக்யூமும் ஆகவே ஆகாது, சின்னச் சின்னத் துளியாகப் பரவி ஆவியாகும். கெட்டி அட்டையால் ஒன்றுசேர்த்து, இங்க் ஃபில்லரால் உறிஞ்சி, மிச்சத்தை அகல டேப்பில் ஒற்றி எடுங்கள். கழிவறையில் ஊற்றுவது பெரிய பாவம். பல் மருத்துவக் கல்லூரி ஒன்றிடமோ, கழிவு ஒப்பந்தம் உள்ள நண்பரின் கிளினிக் வழியாகவோ ஒப்படைக்கலாம்.

பற்கள்: கல்லூரி மாணவர்கள் பயிற்சிக்கு இதைத் தேடி அலைவார்கள், கேட்டால் வாங்கிக்கொள்வார்கள். வெள்ளி அடைத்த பற்களைத் தனியாகப் பிரித்துச் சொல்லிக் கொடுங்கள். அவற்றை ஆட்டோகிளேவில் போட்டாலோ எரித்தாலோ பாதரச ஆவி வரும், 10 சதவீத ஃபார்மலினில் இரண்டு வாரம் ஊறவைப்பதுதான் முறை.

எக்ஸ்ரே மெஷின்: மின்சாரம் இல்லாதபோது அதில் கதிர்வீச்சு கிடையாது, பயம் வேண்டாம். ஆனால் பங்காரில் போடக்கூடாது, அடுத்தவருக்குச் சும்மா தூக்கிக் கொடுக்கவும் கூடாது. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் இலோரா (eLORA) இணையதளத்தில் பதிவு இருக்கிறதா என்று பார்த்து, கைமாற்றுவதாக இருந்தாலும் உடைப்பதாக இருந்தாலும் அங்கே தெரிவித்து அனுமதி வாங்க வேண்டும். மெஷின் விற்ற டீலரே பெரும்பாலும் இதைச் செய்து தருவார். வாரிய அலுவலகம் அணுசக்தி நகரில்தான், உங்களுக்குப் பக்கம்.

சின்ன டப்பாக்களில் மஞ்சள் உலோகத் துணுக்குகள் கிடந்தால் பித்தளை என்று வீசாதீர்கள், பழைய தங்கக் கேப்பாக இருக்கலாம். காலாவதியான மரத்துப்போகும் ஊசி மருந்து மருத்துவக் கழிவுக்கான மஞ்சள் பைக்கும், ஊசிகள் குத்தினாலும் ஓட்டை விழாத வெள்ளை டப்பாவுக்கும் போகும். ரப்பர் ஸ்டாம்பையும் மருந்துச்சீட்டுக் கட்டுகளையும் உங்கள் கையாலேயே அழித்துவிடுங்கள், பொய் சான்றிதழுக்கு உபயோகமாகிற சாமான் அது. இறப்புச் சான்றிதழ் நகலோடு மாநிலப் பல் மருத்துவ கவுன்சிலுக்குப் பதிவெண்ணைக் குறிப்பிட்டு ஒரு கடிதம்.

---

செம்பூர்_மெய்ப்புத்திருத்தி

டாக்டர் சொன்னதற்கு மேல் எழுத்து வேலையைப் பற்றி மட்டும்.

தாளையும் புத்தகத்தையும் ஒன்றாக நினைக்காதீர்கள். பதினாறாம் நாள் தாளுக்கு 180 சொல் போதும், அதற்கு மேல் யாரும் பந்திக்கு நடுவில் படிக்கப் போவதில்லை. புத்தகத்துக்கு ஒரு வருஷம் இருக்கிறது.

கொழுந்தனார் எழுதியதைக் கிழிக்க வேண்டாம். ஒவ்வொரு அடைமொழிக்கும் பக்கத்தில் "என்ன செய்தார்?" என்று எழுதி அவரிடமே திருப்பிக் கொடுங்கள். "ஏழைகளின் நண்பர்" என்றால் எப்படி? அட்டையில் கட்டணம் எழுதும் கட்டம் இருக்குமே, அதில் எத்தனை அட்டைகளில் வெறும் கோடு போட்டிருக்கிறார்? அதை எண்ணி எழுதினால் அடைமொழியே தேவைப்படாது. செயல் கிடைக்காத அடைமொழியை எடுத்துவிடுங்கள்.

அத்தையிடம் "மாமா எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் "தங்கமானவர்" என்று பதில் வரும், பேச்சு அங்கேயே நின்றுவிடும். கிளினிக் நாற்காலி வாங்கப் பணம் யார் கொடுத்தது? ராத்திரி வந்ததும் முதலில் என்ன செய்வார்? பிள்ளைகளின் பால் பல்லை யார் பிடுங்கியது, அவரா, வேறு டாக்டரா? கிளினிக்கை மூடிய மறுநாள் காலையில் என்ன செய்தார்? இந்த மாதிரி பதில் ஒன்றே ஒன்றாக இருக்கும் கேள்விகள். ஒரு தடவைக்கு அரை மணிக்கு மேல் வேண்டாம், துக்கத்தில் இருக்கிறார்கள். போனில் பதிவு செய்துகொள்ளுங்கள், அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள்.

குடும்பஸ்தராக அவர் எப்படி என்பதற்கு நல்ல சாட்சி அப்பாயின்ட்மென்ட் டைரி. வெறுமையாக விட்ட நாட்களைப் பாருங்கள். ஸ்ரீவைகுண்டம் பக்கத்துக்காரர்கள் பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போகாமல் இருக்க மாட்டார்கள், அந்த வாரம் அடைத்திருக்கும். பிள்ளைகளின் பரீட்சை, பிரசவம், பள்ளிக்கூட விழா எல்லாம் இடைவெளியாகத் தெரியும்.

தேதிகளை நினைவிலிருந்து எழுத வேண்டாம். பட்டம் வாங்கிய வருஷத்துக்குச் சான்றிதழ், தொழில் தொடங்கியதற்குக் கவுன்சில் பதிவு அட்டை, கிளினிக்குக்கு முதல் வாடகை ரசீது, கல்யாணத்துக்குப் பத்திரிகை. பிறந்த தேதிக்குப் பள்ளிச் சான்றிதழை மட்டும் நம்பாதீர்கள், அந்தத் தலைமுறையில் வாத்தியார் போட்ட தேதி நிறைய. ஜாதகம் இருந்தால் ஒத்துப் பாருங்கள். "மாதுங்காவின் முதல் தமிழ்ப் பல் மருத்துவர்" என்று யாராவது சேர்க்கச் சொல்வார்கள். நிரூபிக்க முடியாது, விடுங்கள். 1995க்கு முந்தைய சம்பவங்களுக்குப் பம்பாய் என்றே எழுதலாம்.

அவரிடம் எல்லோருக்கும் தெரிந்த ஒரு குறை இருந்திருக்கும், முன்கோபமோ கஞ்சத்தனமோ. அத்தை சம்மதித்தால் அதில் ஒன்றையாவது எழுதுங்கள். படிக்கிறவர்கள் அங்கேதான் "ஆமா, அவரேதான்" என்பார்கள்.

---

தாராவி_வாசகன்

நோயாளிகளின் அட்டைகளை ஸ்கேன் பண்ணி, பழைய கோணல் பல் படமும் சரியான பிறகு எடுத்த படமும் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் மலர் எடுப்பாக இருக்குமே?

---

முலுண்ட்_பல்வைத்தியர்

வேண்டாம் தம்பி. டாக்டர் போய்ச் சேர்ந்தாலும் நோயாளியின் ரகசியம் நோயாளிக்குத்தான் சொந்தம். பெயரை மறைத்தாலும் மாதுங்காவில் அந்தப் பல் வரிசையைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள். எழுத்தில் சம்மதம் கொடுத்தவர்கள் தாங்களே சொல்வதைப் போடலாம், அவ்வளவுதான்.

அட்டைகளைப் பற்றி முன்னால் சொல்ல விட்டுப்போனது: மருத்துவர்களுக்கான 2002 நெறிமுறை விதிகள் உள்நோயாளிகளின் ஆவணங்களை மூன்று வருஷம் வைத்திருக்கச் சொல்கின்றன. பல் வைத்தியர்களும் நடைமுறையில் அதையே குறைந்தபட்சமாக எடுத்துக்கொள்கிறோம். 2019இல் மூடிய கிளினிக் என்பதால் அந்தக் கெடு தாண்டிவிட்டது. இருந்தாலும் அட்டைகளை வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்து, வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டு ஒரு மாதம் பொறுங்கள், தங்கள் அட்டையையும் எக்ஸ்ரேயையும் கேட்டு வருகிறவர்களுக்குக் கையெழுத்து வாங்கிக் கொடுங்கள். மிச்சத்தைத் துண்டு துண்டாக வெட்டும் மெஷினில் போடுங்கள். பழைய பேப்பர்காரரிடம் ரத்திக்குப் போட்டால் யாருடைய ரூட் கெனால் கதையோ வேர்க்கடலைப் பொட்டலமாகத் திரும்பி வரும்.

பிளாஸ்டர் தாடைகளும் அப்படியே. அடியில் பென்சிலில் பெயர் இருக்கும், சுரண்டிவிட்டுத்தான் வெளியே போக வேண்டும். குடும்பத்தாருடைய தாடைகள் இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் காற்றுப் புகாத டப்பாவில். மும்பை மழையில் பிளாஸ்டர் ஈரம் இழுத்து உதிரும். படம் எடுக்கும்போது விளக்கை நேரே அடிக்காமல் பக்கவாட்டில் வைத்தால்தான் பல்லின் மேடு பள்ளம் தெரியும்.

---

லோயர்பரேல்_அச்சு

அச்சு பத்தி ரெண்டு வார்த்தை சொல்லிருதேன் அக்கா.

தாளுக்கு ஏ5 அளவு, 170 ஜிஎஸ்எம் கனத்தில் ஆர்ட் பேப்பர், ஒரு பக்கம் படம், மறு பக்கம் எழுத்து. 200 பிரதிக்கு டிஜிட்டல் பிரிண்டே போதும், ஒரே நாளில் கையில் கிடைக்கும்.

புத்தகம் நடுவில் பின் அடிக்கிறதா இருந்தா பக்கம் நாலின் மடங்காகத்தான் வரணும். 32 பக்கம் வைங்க. பெரியவங்க படிக்கணும்னா எழுத்து 12 பாயின்ட். அப்போ ஏ5இல் பக்கத்துக்குச் சுமார் 150 சொல். படத்துக்குப் பத்துப் பக்கம் போனா, மிச்சம் 22 பக்கத்துக்கு 3,300 சொல்தான் பிடிக்கும். எல்லோரையும் ஆளுக்கு ரெண்டு பக்கம் எழுதச் சொல்லிட்டு அப்புறம் வெட்டினா மனஸ்தாபம் வரும், முதல்லயே 150 சொல்னு சொல்லிருங்க. உள்தாள் 100 ஜிஎஸ்எம் மேப்லித்தோ நல்லது, பளபளப்பு கண்ணை உறுத்தாது. அட்டை 250 ஜிஎஸ்எம்.

பெரிய தலைவலி எழுத்துருதான். இங்க டிடிபி போடுகிற பையன் மராட்டிக்காரனா இருப்பான், தமிழ் படிக்கத் தெரியாது. அவனைத் திரும்ப டைப் அடிக்க விடாதீங்க. நீங்களே யூனிகோடில் அடிச்சு, வேர்டிலேயே பக்கம் அமைச்சு, பிடிஎஃப் ஆக்கிக் கொடுத்துருங்க. பக்கம் அமைக்கிற பழைய பேஜ்மேக்கர் மென்பொருளில் யூனிகோட் ஓடாது. புதுசான இன்டிசைன்னா வேர்ல்ட்-ரெடி கம்போசர் போட்டிருக்கானான்னு கேளுங்க, இல்லாட்டி கொ, கோ எல்லாம் கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம்னு பிரிஞ்சு நிக்கும். தானாகச் சொல்லை உடைக்கிற ஹைஃபனேஷனை அணைச்சிரணும்.

பழைய போட்டோவை வாட்ஸ்அப்பில் படமா அனுப்பாம டாக்குமென்ட்டா அனுப்புங்க. பாஸ்போர்ட் சைஸ் படத்தை ரெண்டு மடங்கு பெருக்கணும்னா 600 டிபிஐல ஸ்கேன் பண்ணணும், அச்சில் 300 வரும். கறுப்பு வெள்ளைப் படத்தை கிரேஸ்கேல்னு சொல்லிக் கொடுங்க. நாலு கலர்ல அடிச்சா முகம் பச்சையோ ஊதாவோ அடிக்கும்.

பசை ஆல்பத்தில் ஒட்டிப்போன படத்தைப் பிய்க்காதீங்க. பல் இடுக்கில் விடுற ஃபிளாஸ் நூல் அந்த கிளினிக்ல கண்டிப்பா இருக்கும், மெழுகு பூசாதது. அதை ரெண்டு கையால இழுத்துப் பிடிச்சு படத்துக்கு அடியில் மெதுவா அறுக்கிற மாதிரி கொண்டு போனா கழண்டு வரும்.

---

கிங்ஸ்சர்க்கிள்_மருமகள்

எல்லோருக்கும் நன்றி. ஃபிளாஸ் வேலை செய்கிறது. கிடைத்தவற்றை எழுதுகிறேன்: டைரிகள் 1974 முதல் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொரு பங்குனி உத்திரத்துக்கும் ஐந்தாறு நாள் அடைப்பு. ஃபிளாஸ்க் ஆறு. இரட்டை எண் முறை 1983 அட்டைகளிலிருந்து. கட்டணக் கட்டத்தில் கோடு போட்ட அட்டைகளை முதல் பீரோவில் மட்டும் எண்ணினோம், 212. ஒன்றாம் எண் அட்டை அத்தையுடையது, 1971, கீழ் இடது 6இல் வெள்ளி அடைப்பு. அந்த அடைப்பு இன்னும் இருக்கிறதாம். குறை என்னவென்று கேட்டதற்கு, "வீட்டில் யார் சிரிச்சாலும் முகத்தைப் பார்க்க மாட்டார், பல்லைத்தான் பார்ப்பார்" என்றார்கள்.

பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்க வராது. ஆங்கிலமும் சேர்த்துப் போடட்டுமா?

---

செம்பூர்_மெய்ப்புத்திருத்தி

சேர்த்தால் 32 பக்கம் 60ஐத் தாண்டும், அப்போது நடுப் பின் சரிப்படாது. படக் குறிப்புகளை மட்டும் இரண்டு மொழியிலும் போடுங்கள். மற்றதை அத்தை குரலிலேயே பதிவு செய்து பிள்ளைகளுக்கு அனுப்புங்கள், கேட்கத் தெரியும் அல்லவா.

நீங்கள் கொடுத்ததை வைத்துத் தாளுக்கு ஒரு வரைவு:

"1945இல் ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்தார். பம்பாய் நாயர் பல் மருத்துவக் கல்லூரியில் படித்து, 1971இல் மாதுங்காவில் கிளினிக் தொடங்கினார். அங்கே அவர் எழுதிய முதல் அட்டை மனைவியுடையது. அன்று அடைத்த பல் இன்றும் உறுதியாக இருக்கிறது. பல் செட்டுகளைத் தம் கையாலேயே செய்தார். 2019 வரை அதே அறையில் இருந்தார். பங்குனி உத்திரத்துக்கு மட்டும் கதவு அடைத்திருக்கும். ஒரு பீரோவில் 212 அட்டைகளில் கட்டணம் எழுத வேண்டிய இடத்தில் கோடு போட்டிருக்கிறார். வீட்டில் யார் சிரித்தாலும் முதலில் பல்லைத்தான் பார்ப்பார்."

இதன் கீழே பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் பெயர், வயது வரிசையில். பட்டம், பதவி எதுவும் பெயரோடு சேர்க்க வேண்டாம், ஒருவருக்குப் போட்டால் எல்லோருக்கும் போட வேண்டிவரும்.

---

லோயர்பரேல்_அச்சு

வரைவு நல்லாருக்கு. கம்ப்யூட்டர் திரையில் பார்த்து ஓகே சொல்லிராதீங்க அக்கா, ஒரு தாள் அச்சடிச்சு வாங்கிப் பாருங்க. முதல் வரியிலேயே ஸ்ரீவைகுண்டம் வருது. அந்த ஸ்ரீ சில எழுத்துருவில் ஸ் தனியா, ரீ தனியா உடையும்.